பழைய காயின் கேம் பெட்டியை வீட்டு கேமிங் கம்ப்யூட்டராக மாற்றுவது எப்படி

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த பிராசஸர், எத்தனை ஜிபி ரேம் என்று ஒரு வாரம் தேடி வாங்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், அடிப்பலகையைக் கரையான் அரித்திருக்கும். உள்ளே நுழைந்த எலி வயர்க்கட்டைக் கடித்துப் போட்டிருக்கும். உண்மையில் கம்ப்யூட்டர் பகுதி ஒரு மாலை நேரத்து வேலை. பெட்டி பத்து வருடம் உழைக்குமா, ஒரு மாதத்தில் மூலைக்குப் போகுமா என்பதை முடிவு செய்வது மரம், பட்டன் பலகை, வயரிங், எர்த் ஆகிய நான்கும்தான். அதனால் இங்கே கம்ப்யூட்டர் பின்னால்தான் வரும்.

வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்

காயலாங்கடையிலோ, மூடிய கேம் கடையின் குடோனிலோ பெட்டி கிடைத்தால் முதலில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டுங்கள். நல்ல பிளைவுட் "டொக் டொக்" என்று கெட்டியாகச் சொல்லும். கரையான் புகுந்த இடம் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். முன்பக்கக் கீழ் மூலைகளையும், பின்கதவு உட்காரும் சட்டத்தையும் தவறவிடாதீர்கள். தரை துடைக்கிற தண்ணீர் ஏறுவது அங்கேதான். கீழே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மட்டும் போயிருந்தால் பயமில்லை, வெட்டி மாற்றலாம். பக்கப்பலகை தோள் உயரம் வரை பொதபொதத்திருந்தால் விட்டுவிடுங்கள். துகள் பலகையில் செய்த பெட்டி ஈரம் குடித்து உப்பியிருந்தாலும் அதே பதில்தான். உப்பிய துகள் பலகை திருகாணியைப் பிடிக்காது.

ஆள் நின்று ஆடும் பெட்டி சுமார் 170 முதல் 175 செ.மீ. உயரம், 60 முதல் 65 செ.மீ. அகலம், 75 முதல் 85 செ.மீ. ஆழம் இருக்கும். படக்குழாயோடு சேர்த்து எடை 100 கிலோவைத் தாண்டலாம். வீட்டு அறைக்கதவு 30 அங்குலம், அதாவது 76 செ.மீ. நிலையின் உள்ளளவு அதைவிடக் குறையும். டேப்பைப் பிடித்து வாசல், படிக்கட்டுத் திருப்பம் எல்லாம் அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். குட்டியானை வண்டியில் ஏற்றும்போது பெட்டியை நிற்க வைத்துக் கயிறு கட்டுவது நல்லது. படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் படக்குழாயைக் கழற்றிய பிறகு படுக்க வையுங்கள்.

இன்னொன்று. பெட்டி இப்போதும் ஓடுகிறதா என்று போட்டுப் பாருங்கள். பழைய கேம் போர்டும் படக்குழாயும் வேலை செய்கிற பெட்டியைப் பிரித்துக் கம்ப்யூட்டர் வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அப்படிப்பட்ட பெட்டிகள் நாளுக்கு நாள் குறைகின்றன. அதை அப்படியே பராமரிக்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வெறும் கூடாக நிற்கிற பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியானாலும் பிரிக்கும் முன் உள்ளே இருபது முப்பது போட்டோ எடுத்து வையுங்கள். எந்த வயர் எங்கே போனது என்பது மறுவாரம் நினைவில் இருக்காது.

படக்குழாயைக் கழற்றுவது: இங்கே மட்டும் அவசரம் கூடாது

சிஆர்டி எனப்படும் கண்ணாடிப் படக்குழாயின் ஆனோடில் ஓடும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னேற்றம் குழாயில் தங்கியிருக்கும். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரும் ஆபத்தானது: 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும்.

செய்முறை இதுதான். பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரமாவது விடுங்கள். நன்றாக இன்சுலேஷன் உள்ள நீளமான தட்டை ஸ்குரூ டிரைவரின் இரும்புத் தண்டில் முதலைக் கிளிப் வைத்த வயரின் ஒரு முனையை மாட்டுங்கள். மறுமுனையைக் குழாயின் முதுகில் ஓடும் பின்னல் எர்த் வயரில் மாட்டுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் ஸ்குரூ டிரைவரைப் பிடித்து, குழாயின் பக்கவாட்டில் உள்ள ரப்பர் தொப்பிக்கு அடியில் மெல்ல நுழைத்து நடுவில் உள்ள உலோகக் கொக்கியைத் தொடுங்கள். "படக்" என்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு முறை இறக்கிய குழாயில் மிச்ச மின்னேற்றம் தானாக மீண்டும் சேரும். ஒரு கையை ஒளித்து வைப்பதற்குக் காரணம், இரண்டு கையும் உலோகத்தைத் தொட்டால் மின்சாரம் மார்பு வழியாகப் போகும் என்பதுதான்.

இதைச் செய்து பழக்கமில்லை என்றால் பழைய டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூப்பிடுங்கள். படக்குழாய் டிவியில் கை பழகியவர்கள் எந்த ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. கழற்றிய குழாயைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், அதுதான் மெல்லிய இடம். முகம் கீழே இருக்கும்படி பழைய போர்வையின் மேல் வையுங்கள். கண்ணாடியில் ஈயம் இருப்பதால் உடைத்துக் குப்பையில் போடக் கூடாது. மின்கழிவு எடுப்பவரிடமே கொடுக்க வேண்டும்.

குழாய் நன்றாக இருந்து அதையே பயன்படுத்த ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. பழைய கேம் மானிட்டர் 15 கிலோஹெர்ட்ஸ் வரி வேகத்தில் ஓடுவது. கம்ப்யூட்டரின் விஜிஏ 31 கிலோஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நேராக மாட்டினால் கீச்சென்று சத்தம் வரும், படம் கிழியும், சில மானிட்டர்களில் சர்க்யூட்டே போய்விடும். அதற்கென்று 15 கிலோஹெர்ட்ஸ் தரும் பழைய கிராபிக்ஸ் கார்டும் தனி டிரைவரும் வேண்டும். மானிட்டருக்கு முன்னால் உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது. இனி வரும் பகுதி எல்சிடி வைக்கிறவர்களுக்கானது.

மரவேலை

அரித்த அடிப்பகுதியை நேர்கோட்டில் வெட்டி எடுத்துவிட்டு 18 மி.மீ. பிளைவுட்டில் புதுத்துண்டு வையுங்கள். கடையில் "பிடபிள்யூஆர்" தரம், ஐஎஸ் 303 முத்திரை என்று கேளுங்கள். ஈரத் தரை என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை. இணைப்பை வெறும் ஃபெவிகாலில் விடாமல், உள்பக்கம் ஒன்றரை அங்குலச் சட்டம் வைத்துத் திருகாணி போடுங்கள். புதுமரத்தின் வெட்டு விளிம்புகள்தான் கரையானுக்கும் ஈரத்துக்கும் வாசல். அவற்றுக்குக் கரையான் மருந்து அடித்து, காய்ந்த பிறகு பெயின்ட் பூசி அடைத்துவிடுங்கள். அடியில் நான்கு சக்கரம் போடுங்கள், முன்னிரண்டும் பிரேக் உள்ளதாக. தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும், துடைக்கிற தண்ணீர் மரத்தைத் தொடாது.

வெளிப்புற மைக்கா உரிந்திருந்தால் முழுவதையும் கிழிக்க வேண்டாம். உரிந்த இடத்தில் பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை தடவி, எடை வைத்து ஒரு இரவு விடுங்கள். மேலே ஒளிரும் பெயர்ப்பலகைக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் "பேக்லிட்" என்று சொல்லி அடித்து, 4 மி.மீ. ஆக்ரிலிக்கின் பின்னால் வைத்தால் போதும். சாதா பேனர் துணி விளக்கை உள்ளே விடாது.

பட்டன் பலகை

பெட்டியோடு நம் கை பேசுவது இந்தப் பலகை வழியாகத்தான். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் பலகையின் பருமனைப் பார்த்துப் பட்டன் வாங்க வேண்டும், பட்டனை வாங்கிவிட்டுப் பலகையைப் பார்க்கக் கூடாது. அழுத்திப் பொருத்தும் 30 மி.மீ. ஜப்பானிய வகைப் பட்டன்கள் மெல்லிய இரும்புத் தகட்டுக்கானவை. 18 மி.மீ. பிளைவுட்டில் அவற்றின் காது பிடிக்காது, ஆடும்போது பட்டன் மேலே எழும்பி வரும். மரப்பலகை என்றால் நீளக் கழுத்தும் நட்டும் உள்ள திருகு வகைதான். அதற்கு 28 மி.மீ. துளை. ஸ்டார்ட் பட்டனுக்கு 24 மி.மீ. சிறிய பட்டன் வைத்தால் அதற்குத் தனி ஹோல்சா பிளேடு. ஆன்லைனில் வரும் செட்டில் எந்த வகை என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் துளை அளவைப் படியுங்கள்.

அளவுகள்: பலகை தரையிலிருந்து 90 முதல் 95 செ.மீ. உயரம். அடுத்தடுத்த பட்டன்களின் மையத்துக்கு மையம் சுமார் 36 மி.மீ. ஜாய்ஸ்டிக் மையத்திலிருந்து முதல் பட்டன் மையம் வரை ஏழு சென்டிமீட்டராவது. 60 செ.மீ. அகலப் பெட்டியில் இருவருக்கு ஆறு ஆறு பட்டன் வைத்தால் தோளோடு தோள் இடிக்கும். சண்டை விளையாட்டுகளே ஆடப்போவதில்லை என்றால் நான்கு பட்டன் போதும், கைக்கு இடம் கிடைக்கும். கணக்குப் போடுவதைவிட, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முழு அளவில் வரைந்து, பலகை மேல் ஒட்டி, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை வைத்துப் பாருங்கள். அதன் பிறகே துளை.

துளை போடும்போது மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி என்று வெட்டினால் மைக்கா சிதறாது. ஒரே பக்கமாக அழுத்தினால் மறுபக்கம் ஓடு பெயரும். மேலே 2 மி.மீ. ஆக்ரிலிக் போடுவதாக இருந்தால், அதை மரத்தோடு சேர்த்துக் கவ்வி ஒன்றாகத் துளையுங்கள், வேகத்தைக் குறைத்து. வேகமாகச் சுற்றினால் ஆக்ரிலிக் உருகி பிளேடில் ஒட்டும்.

ஜாய்ஸ்டிக்கில் ஒரு பொறி உண்டு. கைப்பிடியை மேலே தள்ளினால் தண்டின் அடிமுனை எதிர்ப்பக்கம் போகும். ஆகவே "மேல்" என்ற வயர் கீழ்ப்பக்க மைக்ரோ சுவிட்சுக்குப் போக வேண்டும், "இடது" வலப்பக்கச் சுவிட்சுக்கு. முதல் முறை வயர் போடுகிற எல்லோரும் மாட்டுகிற இடம் இது. சந்து சந்தாக ஓடும் பழைய புதிர்ப்பாதை விளையாட்டுகளுக்கு நான்கு திசைத் தடுப்புத் தட்டை மாற்றிப் போட வசதி உள்ள ஜாய்ஸ்டிக் வாங்கினால் நல்லது. எட்டுத் திசையில் அந்த விளையாட்டுகள் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும்.

வயரிங்

மைக்ரோ சுவிட்சில் மூன்று கால்கள்: பொது, சாதாரணமாகத் திறந்தது, சாதாரணமாக மூடியது. ஆங்கில எழுத்தில் முறையே காம், என்ஓ, என்சி என்று பொறித்திருக்கும். நமக்கு வேண்டியது காம், என்ஓ இரண்டும்தான். என்சியில் மாட்டினால் பட்டன் எப்போதும் அழுத்தியே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கும், மெனு தானாக ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லாச் சுவிட்சின் காம் கால்களையும் ஒரே கறுப்பு வயரால் சங்கிலி போலக் கோத்து வாருங்கள். சங்கிலியின் முதல் முனை, பட்டனைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் போர்டின் (அது கீழே வருகிறது) கிரவுண்டுக்குப் போகும். கடைசி முனையையும் அங்கேயே திருப்பிக் கொண்டுவந்து வளையமாக்கிவிடுங்கள். நடுவில் ஒரு கிளிப் கழன்றாலும் மற்றவை வேலை செய்யும். வளையமில்லாமல் விட்டால், ஒரு கிளிப் கழன்றதும் அதற்கடுத்த அத்தனை பட்டனும் ஒரே நேரத்தில் சாகும். என்ஓ கால் ஒவ்வொன்றிலிருந்தும் தனி வயர். இருவர் பலகைக்கு 15 முதல் 20 மீட்டர் மெல்லிய மல்டி ஸ்ட்ராண்ட் வயர் போதும். பெரிய மைக்ரோ சுவிட்சுக்கு 4.8 மி.மீ. ஸ்பேட் கிளிப், ஜப்பானிய வகைப் பட்டனுக்கு 2.8 மி.மீ. கிளிப்பைக் கட்டிங் பிளேயரால் நசுக்காமல் கிரிம்பிங் பிளேயரால் அழுத்துங்கள். அழுத்திய பிறகு வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்து, கையோடு வந்தால் மறுபடி போடுங்கள். பெட்டியில் பின்னால் வருகிற கோளாறுகளில் பாதி இந்தக் கிளிப்பில்தான்.

பழைய வயர்க்கட்டு நன்றாக இருந்தால் வெட்டி எறிய வேண்டாம். 1980களின் நடுவில் ஜப்பானிய விளையாட்டு இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த ஜாமா என்ற முறைதான் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கும்: போர்டின் விளிம்பில் மாட்டும், பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடுமுனை உள்ள கனெக்டர். எண்ணிட்ட பக்கம் முதல் ஆட்டக்காரர்: 16 காயின், 17 ஸ்டார்ட், 18 மேல், 19 கீழ், 20 இடது, 21 வலது, 22 முதல் 24 வரை மூன்று பட்டன். எழுத்திட்ட மறுபக்கம் அதே வரிசையில் இரண்டாம் ஆட்டக்காரர். 56 முனையை ஸ்குரூ டெர்மினலாக விரிக்கும் பலகை ஆன்லைனில் கிடைக்கிறது. அதை வைத்துப் பழைய வயரை அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் 3, 4ல் 5 வோல்ட்டும், 6ல் 12 வோல்ட்டும், 5ல் மைனஸ் 5 வோல்ட்டும் ஓடுகிறது. அவற்றையும் அவற்றுக்கு நேர் எதிரே உள்ள முனைகளையும் புதுப்போர்டின் பக்கமே விடாதீர்கள். ஜாமாவில் மூன்று பட்டன்தான் வரும். மிச்சப் பட்டனுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும்.

பட்டனைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் போர்டாக ராஸ்பெர்ரி பை பிகோ இரண்டு வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. கூடவே ஸ்குரூ டெர்மினல் உள்ள விரிவுப் பலகை வாங்கினால் சால்டரிங் வேண்டாம். ஜிபி2040-சிஇ என்ற இலவச ஃபர்ம்வேரை இறக்கிக்கொண்டு, பிகோவில் உள்ள வெள்ளைப் பொத்தானை அழுத்தியபடி யுஎஸ்பியில் செருகினால் அது பென்டிரைவ் போலத் திறக்கும். ஃபைலை அதற்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது. வழக்கமான அமைப்பில் ஜிபி2 முதல் ஜிபி5 வரை எனப் பெயரிட்ட கால்கள் மேல், கீழ், வலது, இடது என்ற வரிசையில் வரும். வலது முன்னால் வருவதைக் கவனியுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியபடி செருகி, பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் எந்தக் கால் எந்தப் பட்டன் என்று மாற்றிக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கும் "ஜீரோ டிலே" போர்டும் வேலை செய்யும். கோளாறு வந்தால் அதில் மாற்ற ஒன்றும் இல்லை என்பதுதான் குறை.

பிகோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. விளக்குள்ள பட்டனின் 12 வோல்ட் வயர் ஒரு நொடி சுவிட்ச் காலில் பட்டாலே போர்டு போய்விடும். விளக்கு வயருக்கு சிவப்பு, மஞ்சள் என்று தனி நிறம் வைத்து, சிக்னல் கட்டிலிருந்து பிரித்துக் கட்டுங்கள்.

திரை

20 அங்குலப் படக்குழாய் இருந்த இடத்துக்கு 24 அங்குல அகலத்திரை வாங்கினால் படம் பெரிதாகும் என்று நினைக்கிறோம். 24 அங்குல எல்சிடியின் படப்பரப்பு சுமார் 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். பழைய விளையாட்டுகள் 4:3 வடிவம். 30 செ.மீ. உயரத்துக்கு 40 செ.மீ. அகலம்தான் படம் நிற்கும், இரு பக்கமும் கறுப்பு. மூலைக்கு மூலை அளந்தால் அது 20 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது பழைய குழாயின் அளவே. பழைய விளையாட்டு மட்டும் போதும் என்கிறவர்களுக்கு, அலுவலகங்கள் கழித்துவிடும் 19 அங்குலச் சதுரவடிவ மானிட்டரும் கிட்டத்தட்ட அதே படத்தைத் தரும். புது விளையாட்டும் வேண்டுமென்றால் 24. 60 செ.மீ. பெட்டியில் இருபக்கப் பலகை போக உள்ளே 56 செ.மீ.தான். 27 அங்குலம் நுழையாது.

ஐபிஎஸ் பேனலாகப் பாருங்கள். நின்று ஆடுகிறவர் மேலிருந்து பார்ப்பார், பக்கத்தில் உள்ளவர் சாய்வாகப் பார்ப்பார். டிஎன் பேனலில் இருவருக்கும் நிறம் வெளுத்துத் தெரியும். கடையிலேயே இன்னொரு சோதனை செய்யுங்கள்: மானிட்டர் ஓடும்போது பவர் வயரைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். தானாக எழுந்தால் வாங்குங்கள். பட்டனை அழுத்தினால்தான் எழும் என்றால், ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பின்னால் கை விட வேண்டியிருக்கும்.

பொருத்துவதற்கு 12 மி.மீ. பிளைவுட் குறுக்குப்பலகை, மானிட்டர் முதுகில் உள்ள 100 × 100 மி.மீ. துளைகள், எம்4 அளவில் 20 மி.மீ. திருகாணி. அதைவிட நீளமாகப் போட்டால் முனை பேனலைக் குத்தும். பழைய கறுப்புக் கண்ணாடி எல்சிடியின் வெளிச்சத்தைப் பாதியாக்கும். தெளிவான 4 அல்லது 5 மி.மீ. டஃபன்ட் கண்ணாடியாக மாற்றுங்கள்.

சத்தம்

பெட்டியின் பழைய 8 ஓம் ஸ்பீக்கரின் கூம்பு கிழியாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். டிடிஏ7297 என்ற சிப் உள்ள சிறு ஆம்ப் போர்டும் 12 வோல்ட் சப்ளையும் ஒரு அறைக்குத் தாராளம். கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த சிப்பில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையும் சிக்னல்தான், கிரவுண்ட் அல்ல. பழைய பெட்டியில் ஸ்பீக்கரின் ஒரு முனையைச் சட்டத்திலோ பொதுக் கிரவுண்டிலோ கட்டியிருப்பார்கள். அதை அவிழ்க்காமல் மாட்டினால் சிப் சூடாகிச் சாகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் நேராக ஆம்ப்புக்கு வர வேண்டும். "உம்ம்" என்ற முனகல் கேட்டால் கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள்.

கம்ப்யூட்டர்

இரு பரிமாணப் பழைய விளையாட்டுகளுக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர்கூடப் போதும். கணினி விளையாட்டும் ஓட வேண்டுமென்றால், அலுவலகங்கள் கழித்துவிடும் மினி டெஸ்க்டாப் நல்ல தேர்வு: ஆறாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்கு மேல், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஓசூர் பக்கத்துக்காரர்களுக்கு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி ரோடு. காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பலாம். வாங்கும் இடத்திலேயே பயாஸை, அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையை, திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு நீக்காமல் இருந்தால், பின்னால் சொல்லும் எந்த மாற்றத்தையும் உங்களால் செய்ய முடியாது. அடாப்டர் அதே நிறுவனத்துடையதுதானா என்றும் பாருங்கள். சில மாடல்கள் வேறு அடாப்டரை மாட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மென்பொருளுக்கு பாடோசெரா என்ற இலவச கேம் இயங்குதளம். இமேஜை இறக்கி, பலேனா எட்சரில் 32 ஜிபி பென்டிரைவில் எழுதி, பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்திவிட்டு அதிலிருந்து பூட் செய்யுங்கள். முதலில் பென்டிரைவிலேயே எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எஸ்எஸ்டியில் நிறுவலாம். காயின் கேம்களை ஓட்டும் மேம் என்ற எமுலேட்டர் 1997ல் வெளிவந்தது, 2016ல் இருந்து திறந்த மூலம். அதற்கான ரோம் எனப்படும் விளையாட்டு ஃபைல்கள் ஜிப்பாகவே இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது. ஃபைலின் பதிப்பும் எமுலேட்டரின் பதிப்பும் ஒத்துப் போகாவிட்டால் "ஃபைல் இல்லை" என்று காட்டி வெளியே வந்துவிடும். "விளையாட்டு ஓடவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம். ரோம்களுக்குப் பதிப்புரிமை உண்டு. உரிமையாளர்களே இலவசமாக அனுமதித்த சில பழைய விளையாட்டுகளை மேம் தளத்திலேயே எடுக்கலாம். மற்றவற்றுக்கு, விண்டோஸ் நிறுவி ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பழைய காயின் கேம் தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்குவதே நேர்வழி.

படம் குண்டாகத் தெரிந்தால் வடிவ விகிதத்தை 4:3 என்று மாற்றுங்கள். 384 × 224 புள்ளி உள்ள பழைய சண்டை விளையாட்டுகளும் 4:3க்குள் அமுக்கிக் காட்டவே வரையப்பட்டவை. பட்டன் அழுத்தியதும் ஆள் தாமதமாக நகர்ந்தால் போர்டைக் குறை சொல்லும் முன் மானிட்டரின் கேம் மோடைப் போடுங்கள்.

இரண்டு போர்டும் ஒரே மாதிரி இருப்பதால், சில நேரம் மறுநாள் முதல் ஆட்டக்காரர் இரண்டாமவராகிவிடுவார். ஹப் இல்லாமல் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளைகளிலேயே நேராகச் செருகி, எது எங்கே என்று பெயின்டால் குறித்து, எப்போதும் அதே துளையில் வையுங்கள்.

கரன்ட், எர்த், சூடு

மினி கம்ப்யூட்டருக்கு 65 வாட் அடாப்டர், மானிட்டருக்கு 30, ஆம்ப்புக்கும் விளக்குக்கும் 30 என்று வைத்தாலும் மொத்தம் 130 வாட்டைத் தாண்டாது. பெட்டியின் முதுகில் ஃபியூஸும் சுவிட்சும் சேர்ந்த மூன்று முனை சாக்கெட் வைத்து, 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பெட்டியின் பழைய பவர் சப்ளையை (எஸ்எம்பிஎஸ்) திரும்பப் பயன்படுத்த வேண்டாம். கெபாசிட்டர் வயதாகியிருக்கும். அதோடு 5 வோல்ட் பக்கம் லோடு இல்லாவிட்டால் பலவற்றில் 12 வோல்ட் நிலையாக நிற்காது. புதிய 12 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளை ஒன்று ஆம்ப், எல்இடி, ஃபேன் எல்லாவற்றையும் தாங்கும்.

இரும்புப் பட்டன் தகடு, காயின் கதவு, பூட்டுச் சட்டம் எல்லாவற்றுக்கும் பச்சை எர்த் வயரை வளைய லக் போட்டுத் திருகுங்கள். பெயின்டைச் சுரண்டிவிட்டுத் திருக வேண்டும். பிளக்கின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு உலோகத் துண்டுக்கும் மல்டிமீட்டரில் 1 ஓமுக்குக் கீழ் காட்டினால் சரி. பிறகு சுவர் சாக்கெட்டைப் பாருங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், எர்த் துளையின் பின்னால் வயரே இருக்காது. சட்டை போடாத பிள்ளைகள் வெறுங்காலில் நின்று இரும்புத் தகட்டில் கை வைத்து ஆடப்போகிற பெட்டி இது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிசெய்யாமல் பிளக்கைச் செருகாதீர்கள்.

மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தால் டிஸ்க்கில் ஃபைல் கெடும். மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, திரை கறுத்த பிறகே சுவிட்ச். பயாஸில் கரன்ட் திரும்பியதும் தானாக எழும் அமைப்பைப் போட்டுவிட்டால், சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டரும் எழும். சொல்லாமல் போகும் கரன்டுக்கு 600 விஏ யுபிஎஸ் ஒன்று உள்ளே வையுங்கள். ஷட்டவுன் செய்ய இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும்.

சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெயிலில் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். கீழே ஒரு 120 மி.மீ. ஃபேன் உள்ளே இழுக்க, உச்சியில் ஒன்று வெளியே தள்ள. கீழ் ஃபேனின் முன் கழற்றிக் கழுவும் தூசி வலை. கம்ப்யூட்டரைப் பெட்டியின் தரையில் வைக்காமல், 30 செ.மீ. உயரத்தில் பலகை அடித்து வையுங்கள். வயர் நுழையும் துளை உட்பட எல்லாத் திறப்புக்கும் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடியுங்கள். எலி குட்டி போட வெதுவெதுப்பான இருட்டுப் பெட்டியைவிட நல்ல இடம் அதற்குக் கிடையாது.

முதல் முறை போடும்போது வரிசை முக்கியம். கம்ப்யூட்டர் இல்லாமல், மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள்: அழுத்தினால் பீப், விட்டால் அமைதி. அடுத்து பிகோவை மட்டும் ஒரு லேப்டாப்பில் செருகி எல்லாத் திசையும் சரியா என்று பாருங்கள். அதன் பிறகு 12 வோல்ட் சப்ளையைத் தனியாகப் போட்டு அளந்துவிட்டு ஆம்ப்பை மாட்டுங்கள். கம்ப்யூட்டரும் மானிட்டரும் கடைசியில்.

காயின் துளை

வீட்டுப் பெட்டிக்குக் காயின் தேவையில்லை என்று பலர் அதை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், நாணயம் உருளும் அந்தச் சத்தத்துக்காகவே வைத்திருக்கலாம். ஆனால் பழைய இயந்திரம் 25 மி.மீ. விட்டமும் 4.85 கிராம் எடையும் உள்ள பழைய ஒரு ரூபாய்க்காக அளவு வைத்தது. 2011ல் அறிமுகமான ஒரு ரூபாய் 21.93 மி.மீ., 3.79 கிராம். அது சரிவில் நேராக உருளாமல் சாய்ந்து, சுவிட்சின் கம்பியைத் தொடாமலே திரும்பும் துளையில் விழுந்துவிடும். பழைய ஒரு ரூபாய் நாணயங்கள் பத்தைச் சேகரித்துப் பெட்டி மேல் ஒரு டப்பாவில் வைப்பது சுலபமான வழி. அந்த 2011 வகை நாணயமே போட வேண்டுமென்றால், சரிவின் அடியில் 3 மி.மீ. ஆக்ரிலிக் பட்டை ஒட்டி நாணயத்தை உயர்த்தி, சுவிட்ச் கம்பியை நுனியில் சற்றே வளைத்து, பத்து நாணயம் போட்டுப் பத்தும் கிரெடிட் ஏறும் வரை திருத்துங்கள். காயின் சுவிட்சின் இரண்டு வயரை 12 வோல்ட் விளக்கு வயரிலிருந்து பிரித்து, மல்டிமீட்டரில் வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, பிகோவில் செலக்ட் பட்டனுக்குரிய காலில் மாட்டுங்கள்.